ரத்தத்தில் ஈசினோபில் கூடினால் இன்ஹேலரைக் கூட்ட வேண்டுமா?

வாசகர் கேள்வி:

என் மகனுக்கு 7 வயது. 4 வயதிலிருந்தே பனிக்காலம் வந்தால் வீசிங் வரும். ஆஸ்துமா என்று சொல்லி, காலையும் இரவும் ஸ்பேசர் குடுவை வைத்து பியூடிசோனைடு இன்ஹேலர் கொடுக்கச் சொன்னார் எங்கள் குழந்தை மருத்துவர். மூன்று மாதமாகக் கொடுக்கிறோம். இப்போது இரவில் நன்றாகத் தூங்குகிறான், விளையாடுகிறான். போன வாரம் சளியும் லேசான காய்ச்சலும் இருந்தபோது, வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் லேபில் ‘முழு உடல் பரிசோதனை’ செய்தோம். ஈசினோபில் 680, ஐஜிஇ 380, சி.ஆர்.பி. 9, ஈ.எஸ்.ஆர். 34. எல்லாமே அதிகம் என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. “மருந்து வேலை செய்யவில்லை, இது ஈஸ்னோபீலியா, அதற்குத் தனி மாத்திரை உண்டு” என்கிறார் நாத்தனார். “இன்ஹேலர் பழகிப் போனால் விடாது, வளர்த்தியும் நின்றுவிடும்” என்கிறார் மாமனார். இன்ஹேலர் அளவைக் கூட்டுவதா, நிறுத்துவதா? எத்தனை மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்க்க வேண்டும்? ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன்.

– ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நீங்கள் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த ரிப்போர்ட்டை வைத்து இன்ஹேலரைக் கூட்டவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். உங்கள் மருத்துவர் சொன்ன அளவே தொடரட்டும். ஆஸ்துமாவுக்காக மாதாமாதம் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் இந்த ரிப்போர்ட்டில் நீங்கள் கேட்காமல் விட்ட எண் ஒன்று இருக்கிறது. என் கண் முதலில் அங்கேதான் போனது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஆஸ்துமா என்பது மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் அழற்சி, அதாவது நீடித்த வீக்கம். வீக்கம் இருக்கிறது என்றால் ரத்தத்தில் தெரியாதா என்று கேட்பது நியாயமே. தெரியும் அடையாளங்கள் உண்டு. ஆனால் நீங்கள் அனுப்பிய நான்கு எண்களும் ஒரே தரத்தவை அல்ல.

சி.ஆர்.பி., ஈ.எஸ்.ஆர். இரண்டையும் உங்கள் மகனின் ஆஸ்துமாக் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். ஈ.எஸ்.ஆர். என்ன என்பதைக் கீழே சொல்கிறேன். சி.ஆர்.பி. என்பது கல்லீரல் தயாரிக்கும் ஒரு புரதம். 1930-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான் அதை முதலில் கண்டுபிடித்தார்கள். உடம்பில் எங்கே கிருமித் தொற்று வந்தாலும், அடிபட்டாலும், சில மணி நேரத்தில் ஏறும். காரணம் விலகினால் ஒரு நாளிலேயே ஏறக்குறைய பாதியாக இறங்கிவிடும். சளியும் காய்ச்சலுமாக இருந்த குழந்தைக்கு 9 என்று வந்ததில் வியப்பே இல்லை. ஆஸ்துமா உள்ள குழந்தைகளைக் கூட்டமாக எடுத்துப் பார்க்கும் ஆய்வுகளில் சராசரி சி.ஆர்.பி. மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக இருப்பது தெரிகிறது, உண்மைதான். ஆனால் அந்த வித்தியாசம் சிறியது. உடல் பருமனும் அதே எண்ணை ஏற்றும். அதனால் தனி ஒரு குழந்தையின் இழுப்பு கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. வீசிங்கோடு காய்ச்சலும் அதிகமாக இருந்து, நிமோனியாவோ என்று மருத்துவர் சந்தேகப்படும்போது சி.ஆர்.பி. கொஞ்சம் உதவும். அதன் வேலை அவ்வளவே.

ஈசினோபில்தான் இதில் விரிவாகப் பேச வேண்டியது. ஆஸ்துமாவோடு உண்மையான தொடர்புள்ள வெள்ளணு அது. பெயர் வைத்தவர் பால் எர்லிக் என்ற ஜெர்மானிய மருத்துவர். 1879-ல் அவர் சாயம் போட்டுப் பார்த்தபோது, இந்த அணுக்கள் ஈயோசின் என்ற சிவப்புச் சாயத்தை வாரிக் குடித்து, உள்ளே ஆரஞ்சுச் சிவப்பாக மணி மணியாகத் தெரிந்ததால் அந்தப் பெயர். ஒவ்வாமை வழியாக வரும் ஆஸ்துமாவில் இந்த அணுக்கள் மூச்சுக்குழாய்ச் சுவரில் போய்க் குவிந்து, அந்த மணிகளில் உள்ள புரதங்களைக் கொட்டிச் சுவரைப் புண்ணாக்குகின்றன. குழந்தைகளின் ஆஸ்துமாவில் பெரும்பகுதி இந்த வகைதான்.

அப்படியானால் 680 என்பது மோசம்தானே? இங்கேதான் நிதானம் வேண்டும். ஈசினோபில் எலும்பு மஜ்ஜையில் பிறக்கிறது, ரத்தத்தில் ஒரு நாள்கூட முழுதாகத் தங்குவதில்லை, அப்புறம் திசுக்களுக்குள் இறங்கிவிடுகிறது. ரத்தத்தில் அதை எண்ணுவது, பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்களை எண்ணி ஊருக்குள் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று சொல்ல முயல்வது மாதிரி. ஓரளவு தெரியும். முழுதாகத் தெரியாது.

அந்த 680 எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். உங்கள் ரிப்போர்ட்டில் மொத்த வெள்ளணுக்கள் 8,500 என்றும், ஈசினோபில் 8 சதவீதம் என்றும் இருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் 680. கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தேய்த்து, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் 100 வெள்ளணுக்களை எண்ணும்போது அதில் 8 ஈசினோபில் கண்ணில் பட்டிருக்கிறது. அதே தகட்டில் பக்கத்து இடத்தில் எண்ணியிருந்தால் 6 பட்டிருக்கலாம், 10-ம் பட்டிருக்கலாம். 6 என்றால் 510. 10 என்றால் 850. பையன் அதே பையன், ரத்தம் அதே ரத்தம். இயந்திரம் ஆயிரக்கணக்கில் எண்ணுவதால் இந்த ஆட்டம் குறையும், ஆனால் உடம்பே ஆட்டம் காட்டும். நள்ளிரவையொட்டி ஈசினோபில் ஏறியிருக்கும், காலை வெயில் ஏறும் நேரத்தில் இறங்கியிருக்கும். பாக்டீரியாக் காய்ச்சல் கடுமையாக இருந்தால் ரத்தத்திலிருந்து காணாமலே போகும். இழுப்பு அதிகமாகி பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு சிரப் கொடுத்திருந்தால் சில மணி நேரத்தில் சரிந்துவிடும்; அந்த நேரத்தில் எடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்து ‘ஈசினோபில் நார்மல்’ என்று நிம்மதி அடைவதிலும் பொருள் இல்லை.

இன்ஹேலர் வேலை செய்யவில்லை என்று உங்கள் நாத்தனார் சொன்னதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இன்ஹேலர் மருந்து மூச்சுக்குழாய்க்குள் போய் அங்கேயே வேலை பார்க்கிறது. ரத்தத்தில் அதிகம் கலக்கக் கூடாது என்பதற்காகத்தான் அதை அந்த வடிவில் கொடுக்கிறோம். ஆகவே மூச்சுக்குழாய் நன்றாக ஆறியிருக்கும்போதும் ரத்தத்தில் ஈசினோபில் 500, 600 என்று நிற்கலாம். இப்போது அவன் இரவில் நன்றாகத் தூங்குகிறான் என்று எழுதியிருக்கிறீர்களே, மருந்து வேலை செய்வதற்கு அதைவிட நல்ல சாட்சி எந்த லேபும் தர முடியாது.

‘ஈஸ்னோபீலியா’ மாத்திரை பற்றி. நம் வீடுகளில் வீசிங் வந்த குழந்தைக்கெல்லாம் இந்தப் பெயரை வைத்துவிடுகிறோம். அப்படி ஒரு நோய் உண்மையிலேயே இருக்கிறது. ஆந்திராவின் மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையில் வேலை பார்த்த ஃபிரிமோட்–மோலரும் பார்ட்டனும், காசநோய் மாதிரியே தெரிந்து ஆனால் காசநோய் அல்லாத, ஈசினோபில் மிக அதிகமாக உள்ள நோயாளிகளைப் பற்றி 1940-ல் எழுதினார்கள். 1943-ல் வைன்கார்ட்டன் அதற்கு வெப்பமண்டல ஈசினோபீலியா என்று பெயர் கொடுத்தார். யானைக்கால் புழுவின் குஞ்சுகளுக்கு எதிராக நுரையீரல் காட்டும் அளவு மீறிய எதிர்ப்புதான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. அதற்கு மருந்து டைஎத்தில்கார்பமசின், வழக்கமாக மூன்று வாரம். ஆனால் அந்த நோயில் ஈசினோபில் 3,000-ஐத் தாண்டும், ஒவ்வாமையிலும் புழுத் தொற்றிலும் ஏறும் எதிர்ப்புப் புரதமான ஐஜிஇ ஆயிரத்தைத் தாண்டும், எடை குறையும், இரவெல்லாம் வறட்டு இருமல் இருக்கும். வருவதும் பெரும்பாலும் இளம் வயது ஆண்களுக்கு. 680-க்கு அந்த மாத்திரையைக் கொடுப்பது தேவையில்லாதது. அதைக் கொடுக்கிறோம் என்று இன்ஹேலரை நிறுத்துவது ஆபத்தானது. இதில் நான் கறாராகவே பேசுகிறேன், ஏனென்றால் மாத்திரையை நம்பித் தடுப்பு மருந்தை விட்டுவிட்டு, அடுத்த பனியில் ஆக்சிஜன் வைக்கும் நிலைக்கு வரும் குழந்தைகளைப் பார்க்கிறேன்.

ஐஜிஇ 380 என்பதைப் பற்றிச் சுருக்கமாக: ஒவ்வாமைத் தன்மை உள்ள உடம்பு என்று அது சொல்கிறது, அது உங்களுக்கே தெரிந்ததுதான். எதனால் ஒவ்வாமை என்று சொல்லாது. தூசிப் பூச்சியா, கரப்பானா என்று அறிய வேண்டுமானால் தோலில் துளிவிட்டுக் குத்திப் பார்க்கும் சோதனையோ அந்தந்தப் பொருளுக்கான தனி ஐஜிஇ சோதனையோ உண்டு; உங்கள் மருத்துவர் தேவை என்றால் செய்வார். நூறு, இருநூறு உணவுகளுக்கு ‘ஐஜிஜி’ என்ற வேறொரு எதிர்ப்புப் புரதத்தைப் பார்த்துப் பட்டியல் தரும் பேக்கேஜ்களில் மட்டும் பணத்தைப் போடாதீர்கள். ஒரு உணவுக்கு ஐஜிஜி இருந்தால் அதைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறான் என்றுதான் அர்த்தம். அந்தப் பட்டியலைப் பார்த்து முட்டை, பால், கோதுமை என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, குழந்தை மெலிந்துபோவதுதான் மிச்சம்.

சரி, நீங்கள் கேட்காத எண்ணுக்கு வருகிறேன். ஹீமோகுளோபின் 9.8. உங்கள் மகன் வயதில் 11.5-க்குக் கீழே போனாலே ரத்தசோகை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 11-க்கும் கீழே என்றால் நடுத்தர ரத்தசோகை. ஈ.எஸ்.ஆர். 34 ஏன் என்ற கேள்விக்கும் இதுவே பாதி விடை. சிவப்பணுக்கள் ஒரு குழாயில் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் கீழே படிகின்றன என்பதுதான் ஈ.எஸ்.ஆர். சிவப்பணு குறைவாக இருந்தால் ஒன்றையொன்று தடுக்காமல் வேகமாகப் படிந்துவிடும். ரத்தசோகையும் போன வார சளியும் சேர்ந்தால் 34 வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இப்போது ஹீமோகுளோபினையும் ஈசினோபிலையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ரத்தசோகை, கூடவே ஈசினோபில் அதிகம், ஐஜிஇ அதிகம். தோட்டங்காடு உள்ள மாவட்டத்தில் வளரும் பையனுக்கு இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் எனக்கு முதலில் தோன்றுவது வயிற்றுப் புழு, குறிப்பாகக் கொக்கிப்புழு. ஈர மண்ணில் செருப்பில்லாமல் நடக்கும்போது அதன் குஞ்சு பாதத்தின் தோல் வழியாக நுழைந்து, ரத்தத்தில் கலந்து, நுரையீரல் வழியாகக் குடலுக்குப் போய் ஒட்டிக்கொண்டு ரத்தம் உறிஞ்சும். அப்படியென்றால் ஆஸ்துமாவின் கணக்கில் நீங்கள் எழுதிய 680-ல் ஒரு பங்கு புழுவுக்கு உரியதாக இருக்கலாம். ஒரு வேளை புழுவே இல்லாமல், இரும்புச் சத்துக் குறைவும் ஆஸ்துமாவும் தனித்தனியாகவும் இருக்கலாம். அதனால் மலப் பரிசோதனை செய்யுங்கள். ஒருமுறை பார்த்து இல்லை என்று வந்தாலும், வேறு வேறு நாட்களில் இன்னும் இரண்டு முறை பார்ப்பது நல்லது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளியில் கொடுக்கும் ஆல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரையை அவன் சாப்பிட்டானா என்று கேளுங்கள். அன்று லீவு போட்டிருந்தால் அதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள்.

இரும்புச் சத்து மருந்து எவ்வளவு என்பதை எடையை வைத்து மருத்துவர் எழுதுவார். சாப்பாட்டோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்றாக உடம்பில் சேரும். பால், டீயோடு கொடுத்தால் சேராது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஒரு மாதம் கழித்து ரத்தம் பார்ப்பதாக இருந்தால் அது ஹீமோகுளோபினுக்காக இருக்கட்டும். குறைந்தது ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஓடினால் மூச்சு வாங்குகிறது என்று நாளைக்கு அவன் சொன்னால், அது ஆஸ்துமாவாலா ரத்தசோகையாலா என்று பிரித்துப் பார்க்கவும் இது அவசியம்.

ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்பதை எப்படித்தான் தெரிந்துகொள்வது? கடந்த நான்கு வாரத்தை நினைத்துப் பாருங்கள். பகலில் இருமலோ இழுப்போ வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வந்ததா? ஒரு இரவாவது இருமி எழுந்தானா? இழுப்பை உடனே தணிக்கும் நீல நிற சால்பியூட்டமால் இன்ஹேலர் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்பட்டதா? மற்ற பிள்ளைகள் ஓடும்போது அவன் பாதியில் உட்கார்ந்தானா? நான்குக்கும் ‘இல்லை’ என்றால் நல்ல கட்டுப்பாடு. இதைச் சமையலறைக் காலண்டரில் குறித்துவைத்தாலே போதும். 7 வயதில் பெரும்பாலான பிள்ளைகளால் ஸ்பைரோமெட்ரி என்ற ஊதும் பரிசோதனையும் செய்ய முடியும். கோவை, சென்னை போன்ற ஊர்களில் மூச்சுக் காற்றில் நைட்ரிக் ஆக்சைடு அளக்கும் கருவியும் சில இடங்களில் இருக்கிறது. ஊசி இல்லாமலே ஈசினோபில் வகை அழற்சியைக் காட்டும். கிடைத்தால் நல்லது, கிடைக்கவில்லை என்றால் குறை ஒன்றும் இல்லை.

ரத்த ஈசினோபில் எண் எனக்கே தேவைப்படும் இடங்களும் உண்டு. பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைக்கு அடிக்கடி வீசிங் வருகிறது, தினசரி இன்ஹேலர் தொடங்கலாமா என்று யோசிக்கும்போது 300-க்கு மேல் இருந்தால், அந்தக் குழந்தைக்கு அது நன்றாக வேலை செய்யும் வாய்ப்பு கூடுதல் என்று 2016-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. இன்னொன்று, எல்லா மருந்தும் ஒழுங்காகக் கொடுத்தும் அடங்காத கடும் ஆஸ்துமா. 6 வயதுக்கு மேல் ஓமாலிசுமாப், மெபோலிசுமாப் போன்ற ஊசிகள் வந்துவிட்டன. யாருக்கு எந்த ஊசி, எவ்வளவு என்று முடிவெடுக்க ஐஜிஇ, ஈசினோபில் இரண்டும் வேண்டும். உங்கள் மகன் இந்த இரண்டிலும் சேரவில்லை. ஆனால் எப்போதாவது பார்க்கும் ஈசினோபில் 1,500-க்கு மேல் தொடர்ந்து நின்றால், அல்லது எடை குறைவு, விடாத காய்ச்சல், தோலில் தடிப்பு என்று வேறு ஏதாவது சேர்ந்தால், அப்போது அது ஆஸ்துமாவைத் தாண்டித் தேட வேண்டிய விஷயம்.

மாமனாரின் கவலையையும் ஒதுக்கித் தள்ள மாட்டேன். அவர் கேட்டது பேரனின் நல்லதுக்காகத்தான். இன்ஹேலர் மருந்துக்கு அடிமையாக்கும் தன்மை கிடையாது. நிறுத்தினால் இழுப்பு திரும்பி வருகிறது என்றால் நோய் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். வளர்த்தி விஷயத்தில் அவர் சொல்வதில் ஒரு துளி உண்மை உண்டு. அமெரிக்காவில் பள்ளி வயதில் நாலைந்து வருடம் தினமும் பியூடிசோனைடு எடுத்த பிள்ளைகளை, பெரியவர்கள் ஆகும்வரை பின்தொடர்ந்து அளந்தார்கள். மருந்தில்லாத போலி இன்ஹேலர் எடுத்தவர்களைவிடச் சராசரியாக 1.2 சென்டிமீட்டர் உயரம் குறைவு என்று 2012-ல் வெளியிட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். அடங்காத ஆஸ்துமாவும், ரத்தசோகையும்கூட வளர்த்தியைக் கெடுக்கும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சுவரில் கோடு போட்டு உயரம் அளந்து வைப்பதை அவர் பொறுப்பில் விட்டால் மகிழ்ச்சியாகச் செய்வார்.

ஸ்பேசர் உபயோகத்தையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். 7 வயதுப் பையனுக்கு மாஸ்க் தேவையில்லை, வாயில் வைக்கும் முனையே போதும். குலுக்கி, ஒரே ஒரு பஃப் அடித்து, ஐந்தாறு முறை நிதானமாக மூச்சு விடட்டும். இரண்டாவது பஃப் இருந்தால் மறுபடி குலுக்கி மறுபடி அதே மாதிரி. இரண்டையும் சேர்த்து அடித்தால் மருந்து ஸ்பேசர் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து, துணியால் துடைக்காமல் அப்படியே காய விடுங்கள். துடைத்தால் உள்ளே மின்னேற்றம் உண்டாகி மருந்தை இழுத்துக்கொள்ளும். வீட்டில் கொசுவர்த்தியும் சாம்பிராணியும் வேண்டாம், வலை கட்டுங்கள்.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இந்த ரிப்போர்ட், மலப் பரிசோதனை, அந்தக் காலண்டர் தாள், ஸ்பேசர் நான்கையும் எடுத்துப் போங்கள். நீங்கள் மருந்து கொடுப்பதைப் பார்த்து அவர் திருத்தட்டும். மூன்று மாதம் நல்ல கட்டுப்பாடு இருந்தால் அளவைக் குறைப்பது பற்றிப் பேசும் நேரம் வந்துவிட்டது. ஆனால் உங்கள் மகனுக்குப் பனியில்தான் வருகிறது என்பதால், சளி முழுக்கப் போய், பனிக்காலமும் தாண்டிய பிறகு குறைக்கலாமா என்று நீங்களே கேளுங்கள். திடீரென்று இழுப்பு வந்தால் எத்தனை பஃப், எவ்வளவு இடைவெளியில் என்பதையும் ஒரு தாளில் எழுதி வாங்கி, பள்ளிக்கும் ஒரு பிரதி கொடுங்கள். மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கிடையே குழி விழுந்தாலோ, ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, நீல இன்ஹேலரைக் கொடுத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் எந்த ரத்தப் பரிசோதனைக்காகவும் காத்திருக்க வேண்டாம்.